வாப்பா வெளிநாட்டில், வண்டி வாசலில்



தஞ்சைக் கடற்கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது நிறைந்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றால் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சவூதியில் இருக்கும் தகப்பனார் தொலைபேசியில் வாக்களித்திருந்தார். மதிப்பெண் வந்தது, பணமும் வந்தது. "இப்போதே ஓட்டிப் பழகட்டும், லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று என் தம்பி சொல்கிறான். மார்க்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் போக வீட்டில் வேறு ஆண் துணையில்லை. என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

தம்பி சொன்ன யோசனையைப் போன்று எத்தனையோ வீடுகளில் சொல்லப்பட்டு வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லவே இம்மாதப் பக்கங்களை ஒதுக்குகிறோம்.

நம் நாட்டில் வாகனம் ஓட்டுவதை நெறிப்படுத்துவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 1989 ஜூலை முதல் நாளில் அது நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவிதி. பதினாறு வயதுக்கு ஒரு சலுகை உண்டு. ஆனால் அது 50 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் கொண்ட வண்டிக்கு மட்டுமே உரியது. அதற்கும் பெற்றோர் அல்லது பொறுப்பாளரின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். இன்று கடைகளில் நிற்கும் ஸ்கூட்டர்களோ 110, 125 சி.சி. திறனுடையவை. "கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதுப் பிள்ளை ஓட்டலாம்" என்று கடைக்காரரோ உறவினரோ சொன்னால், அந்த வண்டியின் பதிவுச் சான்றை வாங்கி எஞ்சின் திறன் எவ்வளவு என்று பாருங்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மின்சார ஸ்கூட்டர்களிலும் இதே மயக்கம் இருக்கிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும், மின்கலம் நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடையும் உடைய வண்டிதான் மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. அதற்குத்தான் உரிமம் வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டது எதுவாயினும், சத்தமே எழுப்பாமல் போனாலும், சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் சைக்கிளே. மெதுவண்டியை வாங்கி மெக்கானிக்கிடம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய்மார்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டபோது 199ஏ என்றொரு பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. பதினெட்டு வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பிள்ளையின் பொறுப்பாளரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்து என்று தண்டனைகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை எல்லாவற்றினும் கடுமையாக எமக்குத் தோன்றுவது வேறொன்று. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது நிறையும்வரை பழகுநர் உரிமமோ ஓட்டுநர் உரிமமோ வழங்கப்படாது. படிப்பை முடித்து வேலை தேடும் வயதில், வளைகுடாவில் ஓட்டுநராகவோ ஊரில் விற்பனைப் பிரதிநிதியாகவோ சேர வாய்ப்பு வரும் வயதில், உரிமமில்லாமல் கைகட்டி நிற்க வேண்டும். பதினாறு வயதில் ஒரு மாலைப்பொழுது கடைத்தெரு வரை போய்வந்ததற்கு இதுவா விலை?

எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றுவிட்டான் என்று சொல்லித் தப்பலாமே என்று சிலர் எண்ணக்கூடும். தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய கவனம் அனைத்தையும் எடுத்துக்கொண்டதாகவோ மெய்ப்பித்தால் பொறுப்பாளருக்கு விலக்கு உண்டுதான். ஆனால், சம்மதத்துடனேயே பிள்ளை ஓட்டினான் என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். அப்படியல்ல என்று காட்டும் சுமை நம் தலையில் விழும். சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. பிள்ளை தினமும் டியூஷனுக்கு அதில்தான் போகிறான் என்பதைத் தெருவே பார்த்திருக்கிறது. இந்த நிலையில் எதை மெய்ப்பிப்பது? தகப்பனார் பல்லாயிரம் கல் தொலைவில் இருக்கிறார். வீட்டில் பொறுப்பாளராக இருப்பவர் தாய். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையப் போவது யார் என்பதைச் சகோதரியின் தம்பி யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்தில் இன்னொருவருக்குக் கேடு நேர்ந்தால் என்ன செய்வது? எந்த வண்டிக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். புதிதாக வாங்கும் இருசக்கர வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்தாண்டுக்குச் சேர்த்தே அதை எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இன்சூரன்ஸ் இருக்கிறதே, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற துணிச்சல் பிறக்கிறது. ஓட்டியவரிடம் செல்லத்தக்க உரிமம் இல்லையென்றால் நடப்பது வேறு. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையுடன் போகக் கூடாது என்பதற்காக நீதிமன்றம் பெரும்பாலும் கம்பெனியையே முதலில் இழப்பீட்டைக் கொடுக்கச் சொல்லும். பிறகு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை அளிக்கும். 2004ஆம் ஆண்டு சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஆக, பணம் இறுதியில் வந்து சேரும் இடம், வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வீட்டு வாசல். சம்பாதிக்கும் வயதுள்ள ஒருவர் மாண்டுபோனால் இழப்பீடு இலட்சங்களில் விதிக்கப்படும். மகளின் திருமணத்துக்கென்று வாங்கிப் போட்ட மனை, பாலைவெயிலில் நின்று சேர்த்த சேமிப்பு எல்லாம் அந்தக் கணக்கில் கரைந்துபோகலாம். கரைந்தாலும் குறை சொல்ல முடியாது; உயிரிழந்தவரின் பிள்ளைகளுக்கு அது சேர வேண்டிய ஹக்கு அல்லவா?

வண்டிச் சொந்தக்காரருக்கென்று தனி விபத்துக் காப்பு ஒன்றும் உண்டு. அதன் தொகை 15 இலட்சம் ரூபாய். சொந்த வண்டியை ஓட்டிச் சென்று அவரே இறந்துபோனால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய பணம் அது. அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. உரிமம் காலாவதியான ஒரு மனிதர் தம் மனைவி மக்களை எந்த நிலையில் விட்டுச் செல்கிறார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எனவே சகோதரிக்கு எங்கள் பதில் இதுதான். வந்த பணத்தை வங்கியில் போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். அதுவரை சைக்கிளும் ஆட்டோவும் நகரப் பேருந்தும் போதும். அவசரத் தேவை உங்களுக்கே இருப்பதால், நீங்களே ஏன் உரிமம் பெற்று ஒரு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது? இதைக் கேலியாகச் சொல்லவில்லை. கீழே அதற்கு வருகிறோம்.

உரிமம் பெறும் வழி ஊரார் பயமுறுத்துவது போல் கடினமானதன்று. முதலில் பழகுநர் உரிமம். மக்கள் வழக்கில் எல்.எல்.ஆர். மைய அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கணினி பழக்கமில்லாதவர் அருகிலுள்ள இ-சேவை மையத்தை நாடலாம். வயதுச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். உடல்நிலை பற்றி நீங்களே கையொப்பமிடும் உறுதிமொழி ஒன்று உண்டு. நாற்பது வயது கடந்தவர் மருத்துவரின் சான்றும் வைக்க வேண்டும். சாலைக் குறியீடுகளைப் பற்றிய எளிய தேர்வு ஒன்று நடக்கும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து முப்பது நாள் கழிந்த பின்பே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். மைய விதிகளில் குறித்துள்ள கட்டணங்கள் மிகச் சிறியவை: பழகுநர் உரிமத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டும் தேர்வுக்கு 300, உரிமத்துக்கு 200. மாநில அரசு விதிக்கும் கட்டணம் சிறிது சேரும்.

இந்தத் தொகைகளை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே தேநீர்க் கடை ஓரத்தில் நிற்கும் இடைத்தரகர் இதைப்போல் பல மடங்கு கேட்பார். "எட்டுப் போடவே வேண்டாம், கார்டு வீட்டுக்கே வரும்" என்பார். படிவம் நிரப்பித் தருவதற்குக் கூலி வாங்குவதை நாம் குறை கூறவில்லை. ஓட்டத் தெரியாதவனுக்கு ஓட்டத் தெரியும் என்று எழுதி வாங்குவது அதுவன்று. பெற்ற மகனுக்காகக் கையூட்டுக் கொடுத்து இப்படியோர் அட்டையை வாங்கும் தகப்பன், அவனை எதில் ஏற்றி அனுப்புகிறான் என்று ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

பழகும் காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பரப்பில் சிவப்பு நிறத்தில் ஆங்கில 'எல்' எழுத்து இருக்க வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பழகுநர் உரிமம் வந்த மறுநாளே நண்பர்கள் இருவரை ஏற்றிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போகும் இளைஞர்களுக்கு இது தெரிவதில்லை. அல்லது தெரிந்தும் பொருட்படுத்துவதில்லை.

தேர்வு நாளன்று, மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னிலையில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். காலைத் தரையில் ஊன்றாமல், கோட்டை விட்டு வெளியேறாமல், எட்டு வடிவில் வண்டியைச் செலுத்த வேண்டும். இதில் பலர் தோற்பதற்குக் காரணம், முன்சக்கரத்தையே குனிந்து பார்ப்பது. பார்வை எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். அடுத்த வளைவைத் தலை திருப்பிப் பாருங்கள். கியர் வண்டியானால் முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டுப் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மெல்லக் கட்டுப்படுத்துங்கள். வளைவில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி சாயும். வீட்டுக்குப் பின்னால் உள்ள வெற்றிடத்தில் இரண்டு செங்கல்லை வைத்து அவற்றைச் சுற்றி ஒரு வாரம் காலையும் மாலையும் பழகினால் போதும். கைச்சைகைகளையும் கேட்பார்கள். தோற்றாலும் வெட்கமில்லை, ஏழு நாள் கழித்து மீண்டும் போகலாம். மூன்று முறை தவறினால் மட்டும் அறுபது நாள் காத்திருக்க வேண்டும்.

ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் தேர்வு கொடுத்தால் அந்த வகைக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும். பிறகு அண்ணனுடைய கியர் வண்டியை எடுத்து ஓட்டினால் அது உரிமமின்றி ஓட்டியதற்கு ஒப்பாகும். விண்ணப்பிக்கும்போதே எந்த வகை வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். தேர்வுக்குக் கொண்டுபோகும் வண்டிக்கும் பதிவுச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் சரியாக இருக்க வேண்டும்.

இனிப் பெண்கள் விஷயம். 2018ஆம் ஆண்டில் தமிழக அரசு, வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, 25,000 ரூபாய் வரை, மானியமாகத் தரும் திட்டத்தைத் தொடங்கியபோது போக்குவரத்து அலுவலகங்களில் பெண்கள் வரிசை வரிசையாக நின்றனர். அத்திட்டம் பின்னர் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் அன்று உரிமம் எடுத்த பெண்கள் இன்றும் ஓட்டுகிறார்கள். ஆண் துணை அயல்நாட்டில் இருக்கும் வீட்டில், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய நிலையைவிட, தாயே வண்டியை எடுத்துச் செல்வது மேலானதென்றே நாம் கருதுகிறோம். பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பேரப்பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வரும் மருமகளை இரண்டு மாதம் பார்த்தால் அந்தச் சுளிப்பு தானே மறைந்துவிடுவதைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

உடை பற்றிச் சில சொற்கள். தளர்ந்து தொங்கும் துப்பட்டாவும் புர்காவின் கீழ்விளிம்பும் சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கினால் நொடியில் கீழே இழுத்துவிடும். உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்கேனும் தடுப்பு இருக்க வேண்டும், பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்க வேண்டும் என்று மைய மோட்டார் வாகன விதிகளே கூறுகின்றன. அழகு கெடுகிறதென்று அவற்றைக் கழற்றிவிடும் இளைஞர்கள், உம்மாவைப் பின்னால் அமர்த்திச் செல்லும்போதாவது அதை எண்ணிப் பார்க்கட்டும். தலைமறைப்பின் மேல் ஹெல்மெட் அணியும்போது, உள்ளே முடிச்சும் ஊசிகளும் இல்லாமல் மெல்லிய பருத்தித் துணி மட்டும் இருக்க வேண்டும். இல்லையேல் ஹெல்மெட் தலையில் சரியாகப் பொருந்தாது. பக்கப் பார்வையை மறைக்கும் எந்தத் துணியும் ஓட்டும் நேரத்தில் ஆகாது.

ஹெல்மெட் ஓட்டுபவருக்கு மட்டுமன்று, நான்கு வயது கடந்த எவருக்கும் உரியது. அணியாவிட்டால் 1,000 ரூபாய் அபராதத்துடன் மூன்று மாதம் உரிமத் தகுதியிழப்பும் சட்டத்தில் இருக்கிறது. இருவருக்கு மேல் ஏறினாலும் அதே தண்டனைதான். பெருநாள் தினத்தில் வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள் என ஐவர் ஒரே வண்டியில் போகும் காட்சியைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

சபுராளிகளுக்கு வருவோம். வளைகுடாவில் இருபது ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் முதல் வாரத்திலேயே ஒரு வண்டி வாங்குகிறார். பெட்டியின் அடியில் கிடந்த பழைய உரிமத்தை எடுத்துத் தூசி தட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். அதன் தேதியை யாரும் பார்ப்பதில்லை. பழைய விதிப்படி உரிமம் இருபது ஆண்டுக்கோ ஐம்பது வயது வரைக்கோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். 1998இல் இருபத்திரண்டு வயதில் எடுத்தவருக்கு 2018இலேயே அது முடிந்துவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பின் கணக்கு வேறு: முப்பது வயதுக்குள் எடுத்தால் நாற்பது வயது வரை; முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தால் பத்தாண்டு; ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் எடுத்தால் அறுபது வயது வரை; அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகள். முன்பு, காலம் முடிந்த பின்னும் முப்பது நாள் உரிமம் உயிரோடிருந்தது. அந்தச் சலுகையும் நீக்கப்பட்டுவிட்டது. முடிவதற்கு ஓராண்டு முன்னும் பின்னும் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் தேர்வு கொடுத்துத் தேற வேண்டும். நரைத்த தாடியுடன் இளைஞர்களின் வரிசையில் நின்று எட்டுப் போடும் பெரியவர்களைப் பார்த்து எவரும் சிரிக்க வேண்டாம். உரிமமில்லாமல் ஓட்டுகிறவரைவிட அவர்கள் மானமுள்ளவர்கள். விடுமுறையில் வரும்போதே தேதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டால் இந்தச் சிரமமே இல்லை.

அயல்நாட்டு உரிமம் வைத்திருப்பவருக்கு, அது எந்த வகை வண்டிக்கு வழங்கப்பட்டதோ அந்த வகைக்கு இங்கே ஓட்டும் தேர்விலிருந்து விலக்குத் தரச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் துபாயில் கார் ஓட்டிய உரிமம் இங்கே மோட்டார் சைக்கிளுக்கு உதவாது. இதேபோல், இங்கிருந்து உணவு விநியோக வேலைக்கு அமீரகம் செல்லும் இளைஞர்கள், நம் நாட்டு உரிமமோ பன்னாட்டு அனுமதிச் சீட்டோ கையில் இருந்தால் போதும் என்று நம்பிப் போகக் கூடாது. குடியிருப்பு விசா பெற்றபின் அங்கே மோட்டார் சைக்கிளுக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேற வேண்டும். அதன் செலவை யார் ஏற்பது, சம்பளத்தில் பிடிப்பார்களா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் வண்டியின் திறனுக்கேற்ப மூன்று வகுப்புகள்: 200 சி.சி. வரை ஒன்று, 400 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. படிப்படியாகத்தான் ஏற வேண்டும். பன்னாட்டு அனுமதிச் சீட்டு 1,000 ரூபாய்க் கட்டணத்தில் நம்மூர்ப் போக்குவரத்து அலுவலகத்திலேயே கிடைக்கும்; ஓராண்டுக்கே செல்லும். அது சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு உரியது.

சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்கிறவர் புதிய உரிமம் எடுக்க வேண்டியதில்லை. ஓர் ஊரில் பெற்றது நாடு முழுவதும் செல்லும். முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். தமிழகத்தில் 2024 முதல் உரிம அட்டை விரைவுத் தபாலில் வீட்டுக்கே அனுப்பப்படுவதால், முகவரி தவறாக இருந்தால் அட்டை உங்களை வந்தடையாது. வண்டியின் கதை வேறு. அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால், பழைய அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும்.

கடைசியாக, பயணம் புறப்படும் அவசரத்தில் வண்டியை மச்சானிடம் விட்டுவிட்டோ, தெரிந்தவருக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டு விற்றுவிட்டோ விமானம் ஏறும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. விற்ற பதினான்கு நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயரும் மாற வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வாகனம் கைமாறிக் கைமாறி நான்காவது ஆளிடம் போயிருந்தது. விபத்து நடந்தபோது பதிவேட்டில் இருந்ததோ முதல் சொந்தக்காரரின் பெயர். இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி அவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை மச்சானிடம் விட்டுச் செல்வதானால் அவருடைய உரிமத்தை வாங்கி, தேதியையும் வண்டி வகையையும் பார்த்துவிட்டே சாவியைக் கொடுங்கள். உறவில் மனத்தாங்கல் வந்தாலும் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.